இரத்தக் குழாயின் இரு தூதுவர்கள்

(விழாவின் பிற்பகல் அமர்வில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவர் ஒருவரை மேடையேற்றினால் உப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. முன்பொரு முறை நானும் அதைத்தான் செய்தேன். இம்முறை பொறுப்பாளர்கள், "ஏதேனும் ஒரு பொருளைச் சற்று ஆழமாகவே சொல்லுங்கள், நம் பிள்ளைகளில் பலர் மருந்தியலும் உயிரியலும் படிக்கிறார்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். ஆகவே நம் இரத்தத்தில் உலவும் மிகச் சிறிய இரண்டு பெப்டைடு இயக்குநீர்களைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். ஒன்றின் பெயர் ஆஞ்சியோடென்சின். மற்றொன்றின் பெயர் பிராடிகைனின். இப்பெயர்களை இதுவரை கேட்டறியாதவர்கள் மலைக்க வேண்டாம். இவ்வவையில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுள் சிலர், இவற்றைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை இன்று காலையிலேயே விழுங்கிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு என் சொந்தக் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியும் காரணம். அதனைப் பிற்பாடு சொல்கிறேன். பொருளை அறிந்த பிறகுதான் அந்நிகழ்ச்சி விளங்கும்.

இரத்தக் குழாய் என்றதும் நம் கண்முன் தோன்றுவது வயலுக்கு நீர் கொண்டு செல்லும் குழாய். நீர் ஓடும்; அடைத்துக்கொண்டால் நிற்கும்; குழாய்க்கென்று சொந்தச் செயல் ஏதும் இல்லை. உடலில் உள்ள குழாய் அத்தகையதன்று. அதன் உட்புறம் முழுவதும் ஓர் உயிரணுவின் தடிப்பே கொண்ட மெல்லிய படலம் படர்ந்திருக்கிறது. இதனை அகப்படலம் என்று அழைப்போம். 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் என்னும் அமெரிக்க அறிஞர் முயலின் பெருந்தமனித் துண்டுகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அகப்படலம் சிதையாதிருந்தால் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் குழாயைத் தளர்த்தியது. படலம் உரசிப் போயிருந்தாலோ அதே பொருள் குழாயைச் சுருக்கியது. அதாவது, குழாய் விரிவதா சுருங்குவதா என்பதைத் தீர்மானிப்பதில் அந்த மெல்லிய படலத்திற்கும் பங்கு உண்டு. படலம் விடுக்கும் தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்று பின்னர் தெளிவாயிற்று. 1998இல் அவருக்கும் இக்னாரோ, முராட் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அகப்படலத்திற்கு இன்னொரு கடமையும் உண்டு. அதனை விளக்க ஏரிப்பாசன ஊர்களிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தெரிந்த காட்சி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். வாய்க்கால் கரை உடைந்தால் மணல் மூட்டைகளை அடுக்கி அடைக்கிறோம். கரை சீரான பின் அம்மூட்டைகளை அகற்றியாக வேண்டும்; அகற்றாவிடில் அவையே வாய்க்காலை அடைத்துக் கடைமடை வயலைக் காய வைத்துவிடும். உடலிலும் இவ்வாறே. குழாயில் காயம் பட்டால் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலையாகப் பின்னி இரத்தத்தை அங்கே உறையச் செய்கின்றன. வேலை முடிந்ததும் அவ்வலை அறுக்கப்பட வேண்டும். அறுக்கும் கத்தியின் பெயர் பிளாஸ்மின். அது எப்போதும் திறந்த கத்தியாக இரத்தத்தில் திரிந்தால் பேராபத்து அல்லவா? ஆகவே பிளாஸ்மினோஜென் என்னும் பெயரில் உறையிலிட்ட வாளாகவே சுற்றி வருகிறது. உறையிலிருந்து வாளை உருவுவது டி.பி.ஏ. எனப்படும் ஒரு நொதி. அந்த டி.பி.ஏ.வை ஆக்கிச் சேமித்து வைத்து, வேண்டிய கணத்தில் வெளியிடுவது இந்த அகப்படலமே. டி.பி.ஏ.வைப் பிடித்துச் செயலற்றதாக்கும் மற்றொரு புரதமும் உண்டு, அதற்குப் பி.ஏ.ஐ.-1 என்று பெயர். முன்னது மிகுந்தால் உறைகட்டி கரையும். பின்னது மிகுந்தால் உறைகட்டி நிலைக்கும். நம் ஒவ்வொருவருடைய குழாய்களிலும் இந்த இழுபறி இரவும் பகலும் நடந்துகொண்டேயிருக்கிறது.

இனி, இந்த இழுபறியில் தலையிடும் தூதுவர்களைப் பார்ப்போம். பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சிறு சரம். நீங்கள் அனைவரும் அறிந்த இன்சுலினில் 51 மணிகள். பிராடிகைனினில் 9. ஆஞ்சியோடென்சினின் செயல்படும் வடிவத்தில் வெறும் 8. இதயமே சுரக்கும் பெப்டைடு ஒன்று உண்டு. அகப்படலமே சுரந்து குழாயை இறுக்கும் எண்டோதீலின் என்பதும் உண்டு. நேரம் கருதி அவற்றை இன்று தொடவில்லை.

முதலில் ஆஞ்சியோடென்சின். 1898இல் ஸ்டாக்ஹோம் நகரில் டைகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றில் இரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஒரு பொருளைக் கண்டு அதற்கு ரெனின் என்று பெயரிட்டனர். பல ஆண்டுகள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1934இல் கோல்ட்பிளாட் என்பவர் நாயின் சிறுநீரகத் தமனியைப் பகுதியளவு இறுக்கினால் இரத்த அழுத்தம் நிலையாக உயர்வதைக் காட்டினார். அதன் பின் அர்ஜென்டினாவில் பிரவுன்-மெனெண்டெஸ் குழுவும் அமெரிக்காவில் பேஜ் குழுவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பொருளைக் கண்டெடுத்தனர். அவர்கள் ஹைபர்டென்சின் என்றனர். இவர்கள் ஆஞ்சியோடோனின் என்றனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே பொருளுக்கு இரு பெயர்கள். 1958இல் இரு தரப்பாரும் பேசி, அங்கிருந்து பாதியும் இங்கிருந்து பாதியும் எடுத்து ஆஞ்சியோடென்சின் என்று பெயர் சூட்டினர். அறிவியலில் இவ்வளவு இணக்கமான பெயர் சூட்டு விழா அரிது.

ரெனின் முதலில் ஆக்குவது 10 மணிகள் கொண்ட சரம். அதற்கு வலிமை இல்லை. ஏ.சி.இ. எனப்படும் மாற்று நொதி அதிலிருந்து 2 மணிகளை வெட்டியதும், 8 மணிகள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 பிறக்கிறது. இது குழாயைச் சுருக்கும், உப்பைத் தேக்கும், அழுத்தத்தை உயர்த்தும்.

இரண்டாவது தூதுவரின் கதை பிரேசிலில் தொடங்குகிறது. 1940களின் இறுதியில் சாவோ பாவ்லோ நகரில் ரோச்சா எ சில்வா, பெரால்டோ, ரோசன்ஃபெல்ட் ஆகிய மூவர், ஜரராக்கா என்னும் விரியன் இனப் பாம்பின் நஞ்சை ஆராய்ந்தனர். நாயின் இரத்தத்தோடு அந்நஞ்சு சேர்ந்தபோது புதிய பொருள் ஒன்று உண்டாயிற்று. அது கினிப்பன்றியின் குடல் துண்டை மெதுவாகச் சுருங்க வைத்தது. மெதுவான அசைவு என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களால் அதற்குப் பிராடிகைனின் என்று பெயரிட்டு 1949இல் வெளியிட்டனர். குடலைச் சுருக்கும் இப்பொருள் இரத்தக் குழாயை விரிக்கும், அழுத்தத்தைத் தாழ்த்தும். உடலில் இது ஒரு நிமிடம்கூட நிலைப்பதில்லை; பிறந்தவுடன் நொதிகள் அதனைச் சிதைத்துவிடுகின்றன.

1965இல் அதே நாட்டின் செர்ஜியோ ஃபெரைரா, ஜரராக்காவின் நஞ்சில் பிராடிகைனினைச் சிதையாமல் காக்கும் பெப்டைடுகளும் உள்ளன என்று கண்டார். அந்நஞ்சுச் சாற்றை அவர் லண்டனில் ஜான் வேன் என்பவரின் ஆய்வகத்திற்குக் கொண்டு சென்றார். அங்கே பாக்லே என்பவர் அதனை ஏ.சி.இ. நொதியின் மீது சோதித்தபோது, நொதி செயலிழந்தது. சில ஆண்டுகளுக்குள் எர்டோஷ் குழுவினர் வியப்பான முடிவொன்றை வெளியிட்டனர்: ஆஞ்சியோடென்சினை ஆக்கும் நொதியும் பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியும் வேறு வேறல்ல, ஒன்றே.

இதனை ஒரு கணம் நின்று நினைத்துப் பாருங்கள். குழாயைச் சுருக்கும் தூதுவரை உருவாக்குவதும், விரிக்கும் தூதுவரை அழிப்பதும் ஒரே கை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினால் இரு நன்மைகள் ஒருங்கே கிட்டும். இவ்வெண்ணத்தின் மீதுதான் அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் குஷ்மன், ஒண்டெட்டி என்னும் இருவர் 1975இல் காப்டோபிரில் என்னும் மருந்தை வடிவமைத்தனர். 1981இல் அது விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. எனலாபிரில், ராமிபிரில், பெரிண்டோபிரில் என்று 'பிரில்' என முடியும் மாத்திரைகள் அனைத்தும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

உறைகட்டிக்கும் இத்தூதுவர்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இங்குதான் பொருள் சுவையானதாகிறது. நெடுங்காலம் இவற்றை அழுத்தத்தோடு மட்டுமே இணைத்துப் பேசினோம். 1993இல் வெளியான ஆய்வொன்றில், மனிதர்களின் நரம்பு வழியே ஆஞ்சியோடென்சின்-2ஐச் செலுத்தியபோது, அவர்களுடைய இரத்தத்தில் பி.ஏ.ஐ.-1 உயர்ந்தது. அதாவது இத்தூதுவர் குழாயை இறுக்குவதோடு அமையாமல், வாளை உருவும் கையையும் கட்டிவிடுகிறார். பிராடிகைனினைப் பற்றிய ஆய்வுகள் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் நடைபெற்றன. மனமுவந்து முன்வந்தவர்களின் முன்கைத் தமனியில் மிகச் சிறு அளவில் பிராடிகைனினைச் செலுத்தி, அந்தக் கையில் மட்டும் நிகழும் மாற்றத்தை அளந்தார்கள். இரத்த ஓட்டம் பெருகியது. அத்துடன் அகப்படலத்திலிருந்து டி.பி.ஏ. வெளிப்பட்டது, மருந்தின் அளவு கூடக் கூட வெளிப்பாடும் கூடியது. ஏ.சி.இ. தடுப்பு மாத்திரையைக் கொடுத்த பின் இதே சோதனையைச் செய்தபோது டி.பி.ஏ. இன்னும் மிகுதியாக வெளிப்பட்டது.

எனக்கு இச்சோதனை மிகவும் பிடித்தமானது. ஒரு மனிதனின் ஒரு கைக்குள் மட்டும் வினா எழுப்பி விடை பெறும் எளிமை அதில் உள்ளது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இம்முறையையே பயன்படுத்தி வேறொரு வினாவை எழுப்பினார்கள். உடலுழைப்பு இல்லாத முதிய ஆண்களின் முன்கையில், பிராடிகைனினுக்கு விடையாக வெளிப்படும் டி.பி.ஏ. இளைஞர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்களை மூன்று மாதம் முறையாக நடைப்பயிற்சி செய்ய வைத்து மீண்டும் சோதித்தபோது, அந்த ஆற்றல் இளைஞர்களின் அளவுக்கு அருகே திரும்பியிருந்தது. நான் 'நடங்கள், நடங்கள்' என்று நோயாளிகளை நச்சரிப்பதற்குப் பின்னே இப்படிப்பட்ட சான்று இருக்கிறது என்பதைச் சொல்ல இன்றுதான் வாய்ப்புக் கிட்டியது. புகை பிடிப்போரின் முன்கையில் இதே டி.பி.ஏ. வெளிப்பாடு குறைந்திருந்ததை எடின்பரோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுந்தவர்களிடமும், இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத சர்க்கரை நோயாளிகளிடமும் பி.ஏ.ஐ.-1 உயர்ந்தே காணப்படுகிறது. நம் வீடுகளில் புலால் இல்லை, மது இல்லை. ஆனால் எண்ணெயும் இனிப்பும் அரிசியும் குறைவின்றி இருக்கின்றன என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா?

பி.ஏ.ஐ.-1 நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் அது உச்சத்தில் நிற்கும். மாரடைப்பும் பக்கவாதமும் காலை வேளையில் மிகுதியாக நேர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இப்போது என் குடும்ப நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

என் தாய்மாமன் வந்தவாசிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் வாழ்கிறார். எங்கள் ஊர் ஜினாலயத்தில் பருவ நாள்களில் புராணம் வாசிப்பவர் அவரே. கணீரென்ற குரல். மணிப்பிரவாள நடையை அவர் வாசிக்கக் கேட்டுத்தான் சிறுவயதில் எனக்குத் தமிழின் மீது பற்று உண்டாயிற்று. அவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டறிந்து, 'பிரில்' வகை மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தவன் நான்தான். "காலையில் ஒன்று, விடாமல் சாப்பிடுங்கள் மாமா" என்றேன். அவ்வளவே சொன்னேன்.

பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியைத் தடுத்தால் அது உடலில் தங்கும் என்று சற்று முன்பு கூறினேன். தங்குவதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. சுவாசப் பாதையில் தங்கும்போது சிலருக்குத் தொண்டையை அரித்துக்கொண்டே வறட்டு இருமல் உண்டாகிறது. சளி வராது, காய்ச்சல் இராது, இருமல் மருந்துக்கும் அடங்காது. மாத்திரை தொடங்கிய சில நாள்களிலும் வரலாம். சில மாதங்கள் கழித்தும் வரலாம். பத்துப் பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கேனும் வரக்கூடிய இந்த இருமலைப் பற்றி என் மாமாவிடம் நான் ஒரு வாக்கியம்கூடச் சொல்லவில்லை. உறவினர்தானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற அலட்சியம்.

மாமாவுக்கு இருமல் வந்தது. துளசிக் கஷாயம் குடித்துப் பார்த்தார். சுக்கு, மிளகு எல்லாம் பார்த்தார். தசலட்சணப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் வாசிப்பில் பத்து வரிக்கு ஒருமுறை இருமினால் எப்படி? மாத்திரையால்தான் இருமல் என்று அவரே ஊகித்தார், ஊகம் சரியானதே. மாத்திரையை நிறுத்தினார். ஒரு வாரத்தில் இருமல் தணிந்தது. வாசிப்பும் சிறப்பாக நடந்தது. என்னிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் வேலை மிகுந்த எனக்குத் தொந்தரவு என்று நினைத்தாராம். நான் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "நன்றாக இருக்கிறேன் மாப்பிள்ளை" என்பதே விடை.

ஐந்தாறு மாதங்கள் சென்றன. ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பல் துலக்கிக்கொண்டிருந்தவரின் வலக் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. வாய் ஒருபுறம் கோணியது. பேச முயன்றார், சொல் வரவில்லை. அத்தை பித்தமென்று எண்ணி எலுமிச்சைச் சாறு கொடுத்தார். நல்ல வேளையாக அது புரையேறவில்லை. படுக்க வைத்தார்கள். பொழுது விடியட்டும் என்று காத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அழைத்து வந்து ஊசி போட்டார்கள். பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது. வண்டி பிடித்து நகரத்து மருத்துவமனையை அடைந்தபோது மணி பதினொன்றரை. அழுத்தம் 200க்கு 110. மூளையின் இடப்புறத்தில் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தது.

அகப்படலம் விடுக்கும் அதே டி.பி.ஏ.வை இன்று ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டு மருந்தாகத் தயாரிக்கிறார்கள். 1987இல் மாரடைப்புக்கும் 1996இல் பக்கவாதத்திற்கும் அது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் பக்கவாதத்தில் அதனை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதன் பின் மூளைத் திசு நைந்துவிடுவதால், கட்டியைக் கரைக்கப் போய் இரத்தக் கசிவு உண்டாகும் ஆபத்து மேலோங்கும். குழாய் வழியே கம்பியைச் செலுத்திக் கட்டியை எடுக்கும் முறை தேர்ந்த சிலருக்கு மேலும் சில மணி நேரம் கழித்தும் பயன்படும்; மாமாவுக்கு அடைபட்ட இடம் அதற்கு ஏற்றதாக இல்லை. ஐந்து மணிக்கு நழுவிய செம்புக்கும் பதினொன்றரை மணிக்கும் இடையே ஆறரை மணி நேரம் ஓடியிருந்தது.

மாத்திரையை நிறுத்தியதால்தான் அடைப்பு நேர்ந்தது என்று நான் அறுதியிட்டுக் கூறமாட்டேன். மாத்திரை சாப்பிடுவோருக்கும் பக்கவாதம் வருகிறது. ஆயினும் கட்டுக்குள் இருந்த அழுத்தம் கட்டவிழ்ந்திருந்தது என்பதை மறைக்க இயலாது. நான் செய்திருக்க வேண்டியது மிக எளிது. 'சார்டன்' என்று முடியும் மாத்திரைகள் உள்ளன. லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை. அவை ஏ.சி.இ. நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் சென்று தட்டும் கதவை மட்டும் மூடுகின்றன. பிராடிகைனின் தேங்காததால் பெரும்பாலும் இருமல் வருவதில்லை. மாமா ஒரு சொல் சொல்லியிருந்தால், அல்லது நான் ஒரு சொல் கேட்டிருந்தால், அன்றே மாத்திரையை மாற்றியிருப்பேன்.

இன்று அவர் கைத்தடியோடு நடக்கிறார். புரிந்துகொள்கிறார், சொற்கள்தாம் அவருக்கு அகப்படுவதில்லை. பருவ நாள்களில் வேறொருவர் புராணம் வாசிக்கும்போது, தம் பிரதியை மடியில் விரித்து இடக் கை விரலால் வரி வரியாகத் தொடர்ந்து வருகிறார். வாசிப்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் விரல் அங்கேயே நிற்கிறது.

மீண்டும் அறிவியலுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் ஹோப் என்னும் பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 55 வயதைக் கடந்த, குழாய் நோயோ சர்க்கரை நோயோ உடைய 9,297 பேர் அதில் பங்கு கொண்டனர். ராமிபிரில் பெற்றவர்களில் 14.0 விழுக்காட்டினருக்கு மாரடைப்போ, பக்கவாதமோ, குழாய் நோயால் மரணமோ நேர்ந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 17.8 விழுக்காடு. அழுத்தம் குறைந்த அளவோ சிறிது. அப்படியானால் பிராடிகைனினும் டி.பி.ஏ.வும்தான் காத்தனவா? அக்காலத்தில் நாங்கள் பலரும் அவ்வாறே உற்சாகமாகப் பேசினோம். பிறகு 2008இல் 25,000க்கும் மேற்பட்டோரைக் கொண்ட மற்றோர் ஆய்வில், பிராடிகைனினைத் தேக்காத டெல்மிசார்டனும் ராமிபிரிலுக்கு நிகராகவே காத்தது. ஆகவே முன்கையில் கண்ட அழகிய உண்மை, மொத்த உடலின் நன்மையில் எத்தனை பங்கு வகிக்கிறது என்பது இன்னும் முற்றுப்பெறாத வழக்கு. இளைஞர்களுக்கு இதனை வேண்டுமென்றே சொல்கிறேன். ஒரு சோதனை சரியாக இருக்கலாம். அதிலிருந்து நாம் கட்டும் மாளிகை சரியாக இராமல் போகலாம். நோயாளியைப் பொறுத்தவரையில் இதில் ஒரு நற்செய்தி உண்டு. இருமலுக்காக மாத்திரையை மாற்றிக்கொள்பவர் எதையும் இழந்துவிடுவதில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். 'பிரில்' மாத்திரை சாப்பிடுபவரின் உதடோ நாக்கோ முகமோ திடீரென வீங்கினால் அது இருமலைப் போன்ற தொல்லையன்று. அரிதாகவே நேரும், மூச்சுப் பாதையை அடைக்கக்கூடியது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவ்வகை மாத்திரையை மீண்டும் தொடவே கூடாது.

நம் சமூகத்திற்கே உரிய ஒரு வினா உண்டு: உபவாச நாளில் மாத்திரையை என்ன செய்வது? நீரும் அருந்தாமல் உபவாசம் இருக்கும்போது, உடல் தன்னிடமுள்ள நீரைக் காத்துக்கொள்ள ரெனினையும் ஆஞ்சியோடென்சினையும் மிகுதியாகச் சுரக்கிறது. அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிப்பதும் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலையைக் காப்பதும் அப்போது அவைதாம். அந்த நிலையில் 'பிரில்' அல்லது 'சார்டன்' மாத்திரையையும், அதனுடன் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையையும் வழக்கம்போல் விழுங்கினால், தாங்கும் தூணையே அகற்றியதாகும். மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். அதற்காகத் தாமாகவே பத்து நாளும் நிறுத்திவிடுவதும் ஆபத்து. உபவாசம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் சென்று, எத்தனை நாள், நீருடனா நீரின்றியா என்று தெளிவாகச் சொல்லுங்கள். எதைக் குறைப்பது, எதை எப்போது கொள்வது, உபவாசமே உங்களுக்குத் தகுமா என்பதை அவர் வகுத்துத் தருவார். மருத்துவர் நம் நோன்பு முறையை அறியாதவராக இருந்தால், விளக்கிச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இன்று காலை மண்டபத்தில் ஓர் அம்மையார் என்னைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாத்திரை பாம்பின் விஷத்திலிருந்து எடுப்பதாமே, நாம் சாப்பிடலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாம்பின் நஞ்சு வழி காட்டியது மட்டுமே. மாத்திரையில் உள்ள மருந்து முழுவதும் வேதியியல் முறையில் ஆக்கப்படுவது. அதற்காக எந்தப் பாம்பும் இன்று துன்புறுவதில்லை. ஆனால் மறைக்காமல் மற்றொன்றும் சொல்கிறேன். இந்த அறிவு முயல், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் உயிரைக் கொண்டு பெறப்பட்டது. அதனை நினைக்கும்போது என் மனம் உறுத்தாமல் இருப்பதில்லை. அவ்வாறே உறைகட்டி வளராமல் தடுக்க மருத்துவமனைகளில் போடும் ஹெப்பாரின் ஊசி இன்றும் பன்றியின் குடல் சவ்விலிருந்தே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. முழுவதும் செயற்கையாக ஆக்கப்படும் ஃபோண்டாபாரினக்ஸ் என்னும் மாற்று மருந்து உண்டு. எல்லா நிலைகளிலும் அது ஹெப்பாரினுக்கு ஈடாகாது. இதனைப் பற்றிக் கேட்க விரும்புவோர் நலமாக இருக்கும் நாளிலேயே தம் மருத்துவரிடம் கேட்டு, குடும்பத்தாரிடமும் தம் விருப்பத்தைச் சொல்லி வையுங்கள். பக்கவாதம் வந்த விடியற்காலையில், நாலரை மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அவ்விவாதத்தைத் தொடங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வெளியே வாசலருகே மேசையில் அழுத்தம் பார்க்கும் கருவியுடன் என் மகளும் அவள் தோழியும் அமர்ந்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். இருமல் இருப்பவர்கள் என்னிடமே நேரில் வந்து சொல்லுங்கள். நான் இனி கேட்காமல் விடுவதில்லை. கதிரவன் சாய்வதற்குள் உணவை முடிக்க வேண்டுமென்று பந்தியில் இலை போட்டு இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்கள். ஆகவே மற்றக் கேள்விகளைச் சாப்பாட்டிற்குப் பின் வைத்துக்கொள்வோம்.